சூறாவளியும் நமது ஞாபகமும்: கிழக்குக் கரையிலிருந்து அலவத்துகொட வரை

2025 நவம்பர் 26ஆம் திகதி, புதன்கிழமை மாலை. கிழக்கிலிருக்கும் உறவினர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, "அங்கே நிலைமை எப்படி? சாமான்களை எடுத்து வைத்தீர்களா?" என்று விசாரித்தோம். சூறாவளி என்றால் மட்டக்களப்பு, ஏறாவூர், காத்தான்குடி என்றுதான் எமது மனம் ஓடும். "காத்து வந்தா எங்களுக்குத்தான். உங்களுக்கென்ன நானா, மலைக்குள்ள இரிக்கீங்க" என்று மறுமுனையில் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். வெள்ளிக்கிழமை விடிந்தபோது அவர்கள்தான் எம்மைத் தேடி மீண்டும் மீண்டும் தொலைபேசி எடுத்திருக்கிறார்கள். இங்கே மின்சாரமும் இல்லை, தொலைபேசி அலைவரிசையும் இல்லை. அலவத்துகொடையில் மலைச்சரிவு இறங்கி வீடுகளை மூடிவிட்டிருந்தது.

டித்வா என்று பெயரிடப்பட்ட அந்தச் சூறாவளி இலங்கையில் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. அவற்றுள் மிக அதிகமானவை கண்டி மாவட்டத்தின் உயிர்கள். கடலிலிருந்து வந்த ஒன்று, கடற்கரையில் அல்ல, கடலைக் காணாத மலைநாட்டில் தனது பெரும் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. இது ஏன் நிகழ்ந்தது? அந்த நாட்களில் நாம் எதற்காக ஆயத்தமானோம், எதற்காக ஆயத்தமாகவில்லை? இக்கேள்விகளுக்கு விடை தேட வேண்டுமாயின் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஆயத்தம் என்பது முதலில் ஞாபகத்தில்தான் தொடங்குகின்றது.

சொற்களில் தங்கிய காற்று

சூறை, சூறாவளி, புயல் என்று தமிழுக்குத் தன் சொற்கள் உண்டு. எமது மார்க்க வழக்கிலே தூஃபான் என்ற அறபுச் சொல்லும் உண்டு. நூஹ் நபியின் காலத்துப் பிரளயத்தைக் குறிக்கின்ற அதே சொல், இந்துசமுத்திரக் கரைகள் பலவற்றில் புயலுக்கும் பெயராகி நிற்கின்றது. பருவகாலத்தைக் குறிக்கும் மவ்ஸிம் என்ற அறபுச் சொல்லே ஐரோப்பியர் வாயில் மொன்சூனாக மாறியது. பாய்மரக் கப்பலோட்டிய அறபு மாலுமிகள் எந்த மாதத்தில் கடலில் இறங்கலாம், எந்த மாதத்தில் துறைமுகத்தில் கட்டிப்போட வேண்டும் என்பதைக் கணக்காக எழுதி வைத்திருந்தார்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் இப்னு மாஜித் அவ்வகை நூல்களால் புகழ்பெற்றவர். கடல் மூடப்பட்ட காலம், கடல் திறந்த காலம் என்ற பாகுபாடே அக்காலத்தின் சூறாவளி ஆயத்தம் எனலாம். சைக்ளோன் என்ற சொல் மிகவும் பிந்தியது. கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர் 1848இல் அதனை உருவாக்கினார். அதே காற்றுக்கு அத்லாந்திக்கில் ஹரிக்கேன் என்றும், பசிபிக்கின் மேற்கில் டைஃபூன் என்றும் பெயர்.

இலங்கைக்கு வந்த பயணிகளுள் எம்மவர் அதிகம் பேசும் இப்னு பதூதாவும் இக்கடலின் காற்றிலே அகப்பட்டவர்தான். 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்டுப் புத்தளம் எனக் கருதப்படும் பத்தாலாவில் கரையிறங்கிய அவர், பாவா ஆதம் மலை ஏறி, தெவிநுவர, காலி, கொழும்பு என்று சுற்றி, மீண்டும் பத்தாலாவிலிருந்து மஃபர் எனப்படும் தமிழகக் கரைக்குக் கப்பலேறினார். வழியில் காற்று கடுமையானது. கப்பலுக்குள் நீர் புகுந்தது. பாய்மரத்தை வெட்டி வீழ்த்தி, தெப்பம் கட்டி, உடன்வந்தோரை அனுப்பிவிட்டு, தாம் கப்பலின் பின்புறத்திலே இரவு முழுவதும் இருந்ததாக அவர் சொல்கிறார். விடிந்ததும் கரையிலிருந்த ஊர்வாசிகள் படகுகளில் வந்து மீட்டார்கள். அவர்கள் அவருடைய மார்க்கத்தைச் சேர்ந்தவர்களல்லர். புயலிலே அகப்பட்ட பயணியை முதலில் காப்பாற்றுவது அரசனுமல்ல, படையுமல்ல, அண்மையில் வாழ்கின்ற மனிதனே என்பதற்கு எமது பயண இலக்கியத்தில் இது ஒரு பழைய சாட்சி.

1964: பாலத்துக்கு இருபுறமும்

எமது தலைமுறைக்கு முந்தியோர் 'அறுபத்துநாலு' என்று சொன்னால் அது டிசம்பர் 22, 23ஆம் திகதிகளின் புயலைக் குறிக்கும். பராஅத் இரவு கழிந்து சில நாட்களே ஆகியிருந்தன. இலங்கையின் வடபகுதியைக் கடந்து சென்ற அப்புயல் பாக்கு நீரிணையில் கடலை எழுப்பித் தனுஷ்கோடி என்ற துறைமுக நகரை அழித்தது. பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன்னர் தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணிகள் ரயில், 110 பயணிகளோடும் 5 ஊழியர்களோடும் அலைக்குள் போனது. சமிக்ஞை விளக்கு வேலை செய்யாத நிலையில், சற்று நேரம் காத்திருந்த சாரதி ரயிலை முன்னே செலுத்தினார் என்று சொல்லப்படுகின்றது. பாம்பன் பாலத்தின் 145 இரும்புத் தளங்களுள் 126 அடித்துச் செல்லப்பட்டன. ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியியலாளர் 46 நாட்களில் அதனை மீட்டெடுத்தார்.

எம்மைப் பொறுத்தவரை இது வேற்று நாட்டுச் செய்தியன்று. கொழும்பு, தலைமன்னார், தனுஷ்கோடி, சென்னை என்ற 'போட் மெயில்' வழியில் வியாபாரிகளும் தோட்டத் தொழிலாளர்களும் மத்ரஸா மாணவர்களும் தலைமுறையாகப் போய்வந்தார்கள். கண்டியிலும் மாத்தளையிலும் கடை வைத்திருந்த தென்னிந்திய முஸ்லிம்களின் பாதை அதுவே. தனுஷ்கோடித் துறை அழிந்ததும் அவ்வழி அறுபட்டது. பின்னர் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது எனினும் பழைய துறைமுகம் மீண்டெழவில்லை. ஒரு புயல் மனிதரை மட்டுமல்ல, இரு கரைகளின் உறவையும் அடித்துச் செல்ல முடியும்.

1978: வெள்ளி இரவு

1978 நவம்பர் 23, வியாழக்கிழமை. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அன்று பின்னேரம் முதல் மட்டக்களப்பில் காற்று கூடியது. நமது கணக்கில் வெள்ளி இரவு. இலங்கையில் அப்போது தொலைக்காட்சி இல்லை, அது 1979 ஏப்ரலில்தான் வந்தது. செய்மதிப் படத்தைப் பார்த்துச் சுழல் எங்கே நிற்கின்றது என்று விரல் வைத்துக் காட்டும் வாய்ப்பு சாதாரண மனிதனுக்கு இருக்கவில்லை. வானொலி ஒன்றே வழி. மின்சாரமும் தந்திக் கம்பிகளும் விழுந்த பின்னர் அதுவும் பற்றரி உள்ள வீட்டுக்குத்தான்.

அந்த இரவிலிருந்து மீண்டோர் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு விடயம் உண்டு. காற்று ஒரு திசையிலிருந்து அடித்து ஓய்ந்தது. ஓய்ந்துவிட்டது என்று நம்பி வெளியே வந்து பிள்ளைகளைத் தேடினார்கள், கூரைத் தகரங்களைப் பொறுக்கினார்கள். சற்று நேரத்தில் காற்று எதிர்த்திசையிலிருந்து வந்தது. முதற்காற்றில் சாய்ந்து நின்ற சுவர்களும் மரங்களும் இரண்டாம் காற்றில் விழுந்தன. சூறாவளியின் கண் ஊரைக் கடக்கும்போது நிகழ்வது இதுதான். நடுவே அமைதி, பின்னர் மறுபக்கச் சுழல். வாசிப்பவருக்கு இது புவியியல் பாடம். அன்றிரவு அது தெரிந்திருந்தவர் வீட்டுக்குள்ளே இருந்தார், தெரியாதவர் வெளியே வந்தார்.

உயிரிழந்தோர் தொகை தொள்ளாயிரத்துக்கும் மேல் எனப் பதிவாகியுள்ளது. பத்து இலட்சம் பேரளவில் பாதிக்கப்பட்டார்கள். இரண்டரை இலட்சம் கட்டிடங்கள் சேதமாயின. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதி அழிந்தது. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, வாழைச்சேனை ஆகிய ஊர்களில் ஓலைக்கூரை வீடு என்று ஒன்று மிஞ்சவில்லை என்றே முதியோர் கூறுவர். கல்லால் கட்டிய பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தேவாலயங்களும் அன்று புகலிடமாயின. கரையைக் கடந்து பொலன்னறுவையின் நெல்வயல்களையும் மிதித்த அக்காற்று, மறுநாள் கீழக்கரையை அண்டிய இராமநாதபுரம் கரையை அடைந்தது. இலங்கைச் சோனகருக்கும் கீழக்கரைக்கும் உள்ள பழைய உறவை எண்ணும்போது, ஒரே காற்று இரு வீடுகளையும் தட்டிச் சென்றது என்றே சொல்லத் தோன்றுகின்றது.

இச்சூறாவளி கிழக்கிலே கட்டிடக் கலையை மாற்றியது, பேச்சையும் மாற்றியது. 'சூறாவளிக்கு முந்தி', 'சூறாவளிக்குப் பிந்தி' என்று வயதையும் கல்யாணத்தையும் குறிக்கும் வழக்கு அங்கு நெடுநாள் இருந்தது. ஒரு சமூகம் தனது அனுபவத்தை நாட்காட்டியாக மாற்றிக்கொள்ளும்போது அதுவே அடுத்த தலைமுறைக்கு எச்சரிக்கையாகின்றது. 2000 டிசம்பர் 26இல் மீண்டும் ஒரு கடும் சூறாவளி திருகோணமலையை அண்டிக் கரையேறியபோது, அது றமழானின் இறுதி நாட்களில் ஒன்று. மூதூரும் கிண்ணியாவும் நோன்புப் பெருநாளுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தன. 1978க்குப் பின்னர் இலங்கை கண்ட கடும் காற்றாக இருந்தும், உயிரிழப்பு விரல்விட்டு எண்ணும் அளவிலே நின்றது. நான்கு ஆண்டுகள் கழித்து அதே டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. அதற்கு ஞாபகம் எதுவும் இருக்கவில்லை. விளைவை நாம் அறிவோம்.

பெயரின் வரலாறு

வட இந்துசமுத்திரச் சூறாவளிகளுக்குப் பெயரிடும் வழக்கம் 2004இல் தொடங்கியது. பிராந்திய நாடுகள் தத்தமது பெயர்களை முன்கூட்டியே கொடுத்து வைக்கும். இன்று 13 நாடுகள் அப்பட்டியலில் உள்ளன. 2013இல் இலங்கை கொடுத்திருந்த மகாசென் என்ற பெயர் ஒரு சூறாவளிக்கு வந்தபோது, குளம் கட்டி நாட்டைச் செழிக்க வைத்த அரசனின் பெயரை அழிவுக்கு வைப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. பெயர் வியாரு என மாற்றப்பட்டது. டித்வா என்பதோ யெமன் தந்த பெயர். ஸொகோத்ரா தீவிலுள்ள அழகிய களப்பு ஒன்றின் பெயர் அது. இப்னு மாஜிதின் கடல் வழியிலிருந்து வந்த ஓர் அறபுக் களப்பின் பெயர் எமது மலைச்சரிவின் பெயராகிவிட்டது. பெயரைப் பற்றி வாதிட நமக்கு நேரம் கிடைக்கின்றது. பெயர் வந்த பின்னர் வீட்டைவிட்டு வெளியேறத்தான் நேரம் கிடைப்பதில்லை.

மலையில் சூறாவளி என்றால் என்ன?

இனி எமது ஊருக்கு வருவோம். கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, அக்குறணை ஊடாக மாத்தளை செல்லும் ஏ-9 பாதையில் அலவத்துகொட உள்ளது. மிளகும் கராம்பும் சாதிக்காயும் விளைகின்ற சரிவுகள். பாதையோரத்தில் கடை, கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மண்சுவர், அதன்மேல் இன்னொரு வீடு. அக்குறணை வாசிகளுக்கு வெள்ளம் புதிதன்று. பிங்கா ஓயா பெருகிக் கடைவீதிக்குள் புகுவதை அவர்கள் பலமுறை கண்டவர்கள். சாமான்களை மேல்தட்டுக்கு ஏற்றவும் வாகனங்களை மேட்டுக்கு நகர்த்தவும் கடைச் சிப்பந்திக்கும் தெரியும். ஆற்றுக்கான ஆயத்தம் எம்மிடம் உண்டு. மலைக்கான ஆயத்தம் எம்மிடம் இல்லை.

கடற்கரையில் சூறாவளி என்றால் காற்று. மலையில் சூறாவளி என்றால் நீர். ஈரம் சுமந்த காற்று மலைமீது மோதி மேலெழும்போது குளிர்ந்து, சுமந்து வந்ததையெல்லாம் அங்கேயே கொட்டுகின்றது. மலை காற்றைத் தடுக்கும் என்று நம்பியிருந்தோம். அது உண்மைதான், காற்றைத் தடுத்து மழையை வாங்கிக்கொண்டது. டித்வா மெதுவாக நகர்ந்த சூறாவளி என்பதனால் மழை நின்று பெய்தது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மலைநாட்டுக்கு வகுத்துள்ள அளவுகோல் எளிதானது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிரு. 100 தாண்டினால் ஆயத்தமாகு. 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேறு. நவம்பர் 27ஆம் திகதியை ஒட்டிய ஒருநாள் மழை மலைநாட்டின் பல இடங்களில் 300 மில்லிமீற்றரைத் தாண்டியது. வெளியேற வேண்டிய அளவின் இரு மடங்கு.

இந்த அளவுகோலுக்கு அப்பால் மலை தானே சொல்லும் அடையாளங்களும் உண்டு. நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்பு, நேராக நின்ற மரமும் மின்கம்பமும் சாய்தல், கதவு திடீரென இறுகுதல், தெளிந்த ஊற்று கலங்குதல், இல்லாத இடத்தில் ஊற்று பீறிடுதல், இருந்த ஊற்று சட்டென வற்றுதல். எமது உம்மும்மாக்கள் பீலியில் தண்ணீர் எடுத்த காலத்தில் நீரின் நிறம் மாறினால் முதலில் அறிந்தவர்கள் அவர்களே. குழாய்நீர் வந்தபின் அந்தப் பார்வை வீட்டிலிருந்து போய்விட்டது. இதனைப் பழமைக்கான ஏக்கமாகக் கூறவில்லை. போன அறிவுக்குப் பதிலாக வேறு அறிவு வந்து சேரவில்லை என்பதே எமது கவலை.

சரிவுகள் ஏன் இவ்வளவு பலவீனமாயின என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1830களிலிருந்து கோப்பிக்காகவும், 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதன் பின்னர் தேயிலைக்காகவும் கண்டி மலைகளின் காடு வெட்டப்பட்டது. சமதரை தோட்டங்களுக்கும் பாதைகளுக்கும் போக, பெருகிய சனத்தொகைக்கு மிஞ்சியது சரிவே. காணி துண்டாடப்பட, பிள்ளைக்கு வீடு கட்ட வாப்பா மலையை இன்னும் பத்தடி உள்ளே வெட்டினார். மகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்கும் எமது வழக்கமும் இவ்வெட்டுதலின் பின்னால் உண்டு என்பதைச் சொல்லத் தயங்கக் கூடாது. வெட்டிய சரிவுக்கு வடிகாலும் இல்லை, தாங்குசுவரும் இல்லை. பல தசாப்தங்களாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த கடனை ஓர் இரவில் மழை கேட்டு வாங்கியது.

முன்னறிவிப்புகள் இல்லாமலில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தவில் தோட்டத் தொழிலாளர் லயங்கள் மண்ணில் புதைந்தன. 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை இறங்கி நூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. அப்போது வங்காள விரிகுடாவில் ரோனு என்ற சூறாவளி உருவாகிக்கொண்டிருந்தது. அது இலங்கைக் கரையை ஒரு சூறாவளியாகத் தொடவே இல்லை. தொடாமலே மலையைச் சரித்தது. அந்தப் பாடத்தை நாம் 'மண்சரிவு' என்ற வேறொரு கோவையில் போட்டு மூடினோம். டித்வாவுக்கு ஒரு வாரம் முன்னர்தான், நவம்பர் 22இல், பஹல கடுகண்ணாவையில் கொழும்பு-கண்டிப் பாதையோரக் கடையொன்றின் மீது மண்மேடு விழுந்து உயிர்களைப் பறித்தது. அங்கு இறந்தோர் பாதையோரத்தில் சற்று நின்று இளைப்பாறியவர்களும்தான்.

வந்தவர்களும் இருந்தவர்களும்

பயணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நவம்பர் இறுதி என்பது வெளிநாட்டு உல்லாசப் பயணிகள் கண்டிக்கு வரத் தொடங்கும் காலம். க.பொ.த. உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது, இடையில் நிறுத்தப்பட்டது. பாதைகள் மூடப்பட, விடுதிகளிலும் உறவினர் வீடுகளிலும் ஆயிரக்கணக்கானோர் அகப்பட்டனர். புத்தளம்-அநுராதபுரம் பாதையில் கலா ஓயா வெள்ளத்தில் அகப்பட்ட பஸ்ஸொன்றின் பயணிகள் எழுபது பேரளவில் வீட்டுக் கூரையொன்றில் இரவைக் கழித்துக் கடற்படையினரால் மீட்கப்பட்டது நாடறிந்த செய்தி.

ஊர்வாசிக்கும் வந்தவருக்கும் ஆயத்தத்தில் ஒரு வேறுபாடு உண்டு. வந்தவருக்கு ஊரின் ஞாபகம் இல்லை, ஆனால் பயம் உண்டு. போகச் சொன்னால் போய்விடுவார். ஊர்வாசிக்கு ஞாபகம் உண்டு, ஆகவே பயம் குறைவு. 'நாப்பது வருஷமா இந்த மலை அசையல்ல' என்பது அவருடைய ஆதாரம். மாடும் கோழியும் நகையும் காணி உறுதியும் நோயாளியும் அவரை வீட்டோடு கட்டிவைக்கின்றன. மலையைப் பற்றி அந்த ஞாபகம் தரும் சான்று, அது இதுவரை இறங்கவில்லை என்பது மட்டுமே. அத்தகைய ஞாபகம் எச்சரிக்கையன்று, தாலாட்டு.

எச்சரிக்கை எந்த மொழியில் வந்தது என்பதும் டித்வாவுக்குப் பின்னர் பகிரங்கமாக விவாதிக்கப்பட்டது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்த அறிவித்தல்கள் தமிழில் தாமதித்தன, சில வேளை வரவே இல்லை என்ற குறைபாட்டைப் பலர் எடுத்துக்காட்டினர். மலைநாட்டில் மிக ஆபத்தான சரிவுகளில் வாழ்வோருள் பெருந்தொகையினர் தமிழ் பேசுவோர் என்பதை எண்ணும்போது, மொழிபெயர்ப்பு என்பது ஓர் இலக்கியப் பணி மட்டுமன்று, உயிர் காக்கும் பணி என்பது விளங்கும். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்து இருபது ஆண்டுகள் கடந்தும் நாம் இதைப் பேசிக்கொண்டிருக்கின்றோம்.

வங்காளம் கற்றுக்கொண்டது

1970 நவம்பர் 12இல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா சூறாவளி மூன்று இலட்சம் உயிர்களுக்கு மேல் கொண்டுசென்றது. அந்தப் பேரிழப்பிலிருந்து பிறந்ததே பங்களாதேஷின் சூறாவளி ஆயத்தத் திட்டம். செம்பிறைச் சங்கமும் அரசும் இணைந்து நடத்தும் அத்திட்டத்தில் இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்கள் உள்ளனர். அவர்களுள் அரைவாசியளவினர் பெண்கள். கொடி, ஒலிபெருக்கி, பள்ளிவாசல் மைக், வீடு வீடாகச் செல்லும் கால்கள், இவைதான் கருவிகள். 1991 சூறாவளியில் ஒரு இலட்சத்து முப்பத்தெட்டாயிரம் பேரளவில் இறந்தனர். 2007இல் சித்ர் வந்தபோது அத்தொகை சில ஆயிரமாகக் குறைந்தது. 2020இல் அம்பான் வந்தபோது இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே அகற்றப்பட்டனர். உயிரிழப்பு பத்துக்கணக்கிலே நின்றது. காற்று குறையவில்லை, ஏழ்மையும் போய்விடவில்லை. மாறியது ஆயத்தம் ஒன்றே.

அங்கே கற்ற இன்னொரு பாடம் எமக்கு மிக முக்கியமானது. 1991இல் இறந்தோருள் பெண்கள் ஆண்களை விடப் பல மடங்கு அதிகம். கணவர் வரட்டும், அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தவர்கள் உண்டு. அந்நிய ஆண்கள் நிறைந்த புகலிடத்துக்குப் போகத் தயங்கியவர்கள் உண்டு. அங்கு மலசலகூடம் இல்லை, திரை இல்லை என்று வீட்டிலேயே தங்கியவர்கள் உண்டு. பின்னர் புகலிடங்களில் பெண்களுக்குத் தனி இடம் அமைத்தார்கள், பெண் தொண்டர்களைச் சேர்த்தார்கள், அவர்கள் பெண்களிடம் நேரே சென்று பேசினார்கள்.

எமது மஹல்லாக்களுக்கும் இக்கேள்வி உரியதே. கணவர் கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ இருக்க, பிள்ளைகளோடும் வயதான மாமியோடும் மலைச்சரிவில் தனித்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்? நள்ளிரவில் அவர்கள் எங்கே போவது? பள்ளிவாசலில் அவர்களுக்கு ஓர் அறை, ஒரு கழிப்பறை, ஒரு திறப்பு இருக்கின்றதா? டித்வாவின் பின்னர் சமையலுக்கும் சுத்தப்படுத்தலுக்கும் எமது இளைஞர்கள் திரண்டமை பெருமைக்குரியது. பள்ளிவாசல்களும் விகாரைகளும் கோவில்களும் சோறு பகிர்ந்தன. ஆனால் அவையெல்லாம் காற்று போன பிறகு செய்தவை. காற்று வருமுன் செய்ய வேண்டியது மிஞ்சியுள்ளது.

அதானும் எச்சரிக்கையும்

கடும் மழை நாளில், வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அதானோடு சேர்த்து அறிவிக்கச் செய்த முன்மாதிரி எமது மரபில் உண்டு. கொவிட் காலத்தில் உலகம் முழுவதும் அதனை நாம் செவிமடுத்தோம். ஜமாஅத்துக்கு அழைக்கும் குரலே, உயிருக்கு ஆபத்து என்றால் வராதே என்றும் சொல்லலாம் என்பது அதன் பொருள். அப்படியாயின், வீட்டைவிட்டு வெளியேறு என்றும் அதே ஒலிபெருக்கி சொல்லலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும் போதனையை மிம்பரில் கேட்ட சமூகம் நாம். மழைமானி ஒன்று பெரிய செலவல்ல. பள்ளிவாசல் முற்றத்தில் அது இருந்து, முஅத்தின் ஸுபஹுக்கும் இஷாவுக்கும் அதைப் பார்த்து, 75, 100, 150 என்ற மூன்று எண்களையும் அறிந்திருந்தால் போதும். பக்கத்து விகாரையின் தேரருக்கும் கோவில் குருக்களுக்கும் அதே எண்கள் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது. மலை இறங்கும்போது மார்க்கம் பார்த்து இறங்குவதில்லை.

இறுதியாக எழுதுவோரைப் பற்றி. டித்வா இலங்கையைத் தாக்கிய அதே வாரத்தில் சென்யார் என்ற சூறாவளி மலாக்கா நீரிணையில் எழுந்து, அச்சே உட்பட சுமாத்ராவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அங்கும் மலைச்சரிவும் வெள்ளமுமே. அதே அச்சேயின் கரைக்கு அப்பால் சிமெலுவே என்றொரு தீவு உண்டு. 1907இல் அங்கு ஒரு சுனாமி வந்தது. அதனை அம்மக்கள் ஸ்மோங் என்று அழைத்து, நிலம் குலுங்கிக் கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்ற கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். 2004 டிசம்பர் 26இல், நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அண்மையிலிருந்த அத்தீவில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களுள் இறந்தவர்கள் ஏழு பேர் மட்டுமே. சைரன் அல்ல, செய்மதி அல்ல, ஒரு பாட்டு அவர்களைக் காப்பாற்றியது.

தமிழிலும் புயலையும் வெள்ளத்தையும் உடனுக்குடன் பாடிச் சிறு நூலாக அச்சிட்டு விற்ற சிந்து, கும்மி மரபு ஒன்று இருந்தது. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் கவி பாடும் நாட்டார் மரபு இன்னும் முற்றாக மறையவில்லை. மலைநாட்டு முஸ்லிம்களாகிய எம்மிடம் மலையைப் பற்றிய ஒரு பாட்டு உண்டா? நாம் மலையின் அழகைப் பாடினோம், பனியைப் பாடினோம். மலை எப்போது இறங்கும் என்பதைப் பாடவில்லை.

1978ஐக் கண்டவர்கள் இன்று முதியோராகிவிட்டார்கள். 2025 நவம்பர் 27ஆம் திகதி இரவைக் கண்டவர்கள் இன்னும் எம் நடுவே உள்ளார்கள். எந்த நேரத்தில் சத்தம் கேட்டது, ஊற்று எப்போது கலங்கியது, யார் யாரை எழுப்பினார்கள், எவர் போக மறுத்தார், ஏன் மறுத்தார் என்பவற்றை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிவைக்க வேண்டும். அது இரங்கற்பா எழுதுவதைவிடக் கடினமான வேலை. எனினும் இவ்வூரில் இனிப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு நாம் விட்டுச்செல்லக்கூடிய ஒரே ஆயத்தம் அதுவாக இருக்கலாம். அடுத்த முறை கிழக்குக்குத் தொலைபேசி எடுத்து நலம் விசாரிக்கும்போது, எமது வீட்டின் பின்புறச் சுவரையும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.